மூளையில் ‘பழுப்பு’

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து அத்தை அப்பாவுக்குப் போன் செய்தார்: “மாமாவுக்கு மூளையில கட்டியாமுங்ண்ணா.” பொள்ளாச்சியில் எங்கள் வீடே புற்றுநோய் என்று முடிவுகட்டி அழத் தொடங்கிவிட்டது. டாக்டர் மலையாளத்தில் சொன்னதோ ‘தலச்சோறில் பழுப்பு’. அங்கே பழுப்பு என்றால் சீழ்; நமக்குக் காய்ந்த இலையின் நிறம். எங்களுக்குப் புரியட்டுமே என்று அத்தை அதைக் ‘கட்டி’ ஆக்கியதில் வந்தது வினை.

இப்படிச் சீழ் கட்டுவதற்கான ஆங்கிலச் சொல் ‘ஆப்செஸ்’. அதன் வேர் லத்தீன். பொருள், ‘விலகிப் போதல்’. கெட்ட நீர் உடம்பை விட்டு விலகி ஓரிடத்தில் தேங்குகிறது என்ற பழங்கால மருத்துவ எண்ணம் அதில் இருக்கிறது. தமிழ் இந்தச் சுற்றுவழிக்கே போகவில்லை. உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டது: சீழ்க்கட்டி. ‘சீ’ என்றாலே சீழ்தான். மலையாளத்தில் ‘சீயுக’ என்றால் அழுகுவது. பழுப்பும் அந்நியமல்ல, ‘கொப்புளம் பழுத்துருச்சு’ என்கிறோமே.

ஆக, மூளைச் சீழ்க்கட்டி. ‘சீழ்’ இல்லாமல் மூளைக்கட்டி என்றால் அது ட்யூமர். ஸ்கேனில் இரண்டுமே விளிம்பு மோதிரம்போல் ஒளிர்ந்து மருத்துவரையே குழப்புவதுண்டு.

‘கட்டி’யும் முழு உண்மையல்ல. முதலில் மூளைத் திசு அழன்றுதான் இருக்கும். சீழைச் சுற்றி உறை கட்ட 2 வாரம்போல ஆகும். மாமா சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலை மாத்திரையால் அடக்கி வைத்திருந்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு உறை சரியாகக் கட்டாமல் போகலாம்; காய்ச்சலே வராமலும் இருக்கலாம். மாமாவுக்கு இருந்ததெல்லாம் தலைவலியும், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறிய வலது கையும்தான்.

கிருமியும் வேறாக இருக்கலாம். காதுச் சீழிலிருந்து மூளைக்கு ஏறும் பாக்டீரியா எவருக்கும் வரலாம். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு மண்ணில் வாழும் நோகார்டியா என்ற பாக்டீரியா, ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, எச்ஐவி முற்றியிருந்தால் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி என்று பட்டியல் நீளும். அதனால்தான் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஊசியால் சீழை உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். சாதாரண பாக்டீரியா என்றால் ரத்தக் குழாய் வழி மருந்து பெரும்பாலும் 6 முதல் 8 வாரம். நோகார்டியா என்றால் மருந்து ஓராண்டுகூட ஓடும். பூஞ்சை மருந்துகள் சில, சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

மாமாவுக்கு நோகார்டியா. அடுத்த போனில் அத்தை அப்பாவிடம் திருத்தமாகச் சொன்னார்: “கட்டியில்லீங்ண்ணா, சீழு. ஊசில உறிஞ்சி எடுத்துட்டாங்க.”