அவித்த மாவில் ஏன் பாஸ்தா வராது?

மட்டக்களப்புப் பக்கம் கடையில் வாங்கிய கோதுமை மாவை அப்படியே எடுத்துப் புட்டு அவிக்கிறவர்கள் குறைவு. துணியில் கட்டி நீராவியில் அவித்து, சூட்டோடு கட்டி உடைத்து அரித்து, ஆறியதும் பேணியில் போட்டு வைப்பார்கள். அந்தப் பேணி மாவில் முட்டையை உடைத்து ஊற்றி பாஸ்தா செய்யப் பார்த்தால் சரிவராது. குழைக்கும்போதே பிட்டுப் பிட்டு வரும், உருட்டினால் ஓரம் வெடிக்கும். அதே மாவை அவிக்காமல் எடுத்தால், அடியில் வைத்த கையின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிதாக விரியும்.

வித்தியாசம் குளூட்டனில் இருக்கிறது. கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. காய்ந்த மாவில் சும்மா கிடக்கும் இவை, ஈரம் பட்டுக் குழைபடும்போது ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. இழுத்தால் திரும்பிச் சுருங்குவது குளூட்டெனினின் குணம், இழுத்த பக்கம் நீண்டு கொடுப்பது கிளையடினின் குணம்.

இந்த வலையைக் கையில் பிடித்தே பார்க்கலாம். அவிக்காத மாவில் தண்ணீர் விட்டு தேசிக்காய் அளவு உருண்டை பிடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கிண்ணத்துத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசையுங்கள். வெள்ளையாகக் கரைந்து போவது மாச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிப் பிசைந்தால், கடைசியில் சாம்பல் நிறத்தில், ரப்பராக இழுபடும் ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். அதுதான் குளூட்டன். இப்படிக் கழுவிப் பிரித்தெடுத்ததைப் பற்றிய பெக்காரி என்ற அறிஞரின் ஆய்வு 1745இல் அச்சில் வந்தது. அவருடைய ஊர் இத்தாலியின் பொலோனியா. முட்டைப் பாஸ்தாவுக்குப் பேர்போன ஊரும் அதுதான்.

அவித்த மாவைக் கழுவினால் அந்தத் துண்டு சரியாகத் திரண்டு வராது. ஈரச் சூட்டில் புரதங்கள் முன்கூட்டியே இறுகி, பிணையும் தன்மையை இழந்துவிடுகின்றன. நம் சமையலுக்கு அதுதான் வசதி: புட்டு உதிரியாக வரும், இடியப்பம் பிழியும்போது உரலுக்குள் மா திமிறாது. இடியப்ப மாவைச் சேர்த்துப் பிடிப்பது கொதிதண்ணீரில் வெந்து பசையாகும் மாச்சத்து. ஆக இடியப்பத்தில் முதலில் சூடு, பிறகு வடிவம். முட்டைப் பாஸ்தாவில் வடிவம் முதலில், சூடு கடைசியில். மற்றதெல்லாம் இந்த வரிசையில் இருந்துதான் வருகிறது.

வழக்கமான கணக்கு 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. ஓடு போக முட்டை 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மஞ்சட்கருவில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். எல்லாம் சேர்த்து மாவுக்குக் கிடைப்பது 38 கிராம் அளவு ஈரம். பாண் மாவுக்கு 60 கிராமாவது விடுவார்கள். அதனால்தான் பாஸ்தா மா முதலில் கல்லாக இருக்கும், கை வலிக்கும். பொறுக்காமல் தண்ணீர் ஊற்றினால் பிறகு சட்டியில் குழைந்துபோகும். நாட்டுக்கோழி முட்டை சிறியது, ஆகவே எண்ணிப் போடாமல் நிறுத்துப் போடுங்கள்.

மஞ்சட்கருவில் மூன்றில் ஒரு பங்கு வரை கொழுப்பு. அது குளூட்டன் இழைகளுக்கு நடுவே புகுந்து பிடியைத் தளர்த்துவதால் பாஸ்தா மிருதுவாகும். நிறமும் அதில் இருந்துதான். மஞ்சள் தூள் சேர்த்தாலும் நிறம் வரும், ஆனால் வாசம் கறிப் பக்கம் போய்விடும்.

பத்து நிமிடம் குழைத்த பிறகு அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே முடியாது. குழைத்த கையோடு உருட்டினால் வலை விறைத்து நிற்கும், எவ்வளவு விரித்தாலும் சுருங்கும். வைத்திருக்கும் நேரத்தில் ஈரம் மாத்துகளுக்குள் சீராக ஊறும், இழுபட்ட பிணைப்புகளும் தளரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் மேலே தோல் பிடித்துவிடும். அந்தத் தோல் பிறகு கரையாது, உருட்டும்போது கட்டியாகத் தட்டுப்படும்.

உருட்டுவதற்கு மெஷின் வேண்டாம், கட்டை போதும், அதுவும் இல்லாவிட்டால் சோடாப் போத்தல். ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு விரித்து, மாத்தூவிச் சுருட்டி, கத்தியால் நறுக்கினால் நாடாக்கள். பொலோனியாவில் இந்த நாடாவுக்கு 1972இல் அளவே பதிவு செய்துவிட்டார்கள்: வெந்த பிறகு அகலம் 8 மில்லிமீட்டர். நம் வீட்டில் யாரும் அளக்கப் போவதில்லை.

இனிக் கொதிதண்ணீர். அறுபது பாகை செல்சியஸைத் தாண்டும்போது மாச்சத்து வீங்கத் தொடங்கும், முட்டைப் புரதமும் உறையத் தொடங்கும். 80 பாகை அளவில் வெள்ளைக்கருவின் முக்கிய புரதமும் இறுகிவிடும். குளூட்டன் வலைக்குள் இரண்டாவதாக ஒரு வலை விழுகிறது, அதற்குள் மாச்சத்து சிக்கிக்கொள்கிறது. சாதாரண கோதுமை மா சட்டியில் கரையாமல் நிற்பதற்கு முட்டை தரும் உதவி இதுதான். கடையில் கிடைக்கும் காய்ந்த பாஸ்தா பெரும்பாலும் டியூரம் என்ற வேறு கோதுமையில் செய்வது. அதன் புரதம் வலுவானது, முட்டை தேவையில்லை. ஆனால் அதற்குள் தண்ணீர் முதலில் இறங்க வேண்டும், அதனால் பத்து நிமிடம் போகும். புதுப் பாஸ்தாவில் ஈரம் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். தண்ணீரில் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடலாம், அது மேலே மிதப்பதோடு சரி. ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் போட்டவுடன் ஒரு தரம் கிளறுங்கள். வடிக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வையுங்கள். வாவி இறாலை உள்ளியோடு வதக்கி அதை ஊற்றினால், கரைந்த மாச்சத்து எண்ணெயையும் சாற்றையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

மிஞ்சியதை இத்தாலிக்காரர்போல் பலகையில் காயப்போடும் யோசனை வாடைக் காலத்துக்கு ஒத்துவராது. பச்சை முட்டை, ஈரக்காற்று, நம் ஊர் வெக்கை மூன்றும் சேர்ந்தால் சல்மொனெல்லா கிருமிக்குக் கொண்டாட்டம். மாத்தூவிச் சின்னச் சின்னச் சுருளாக்கி ஃப்ரீசரில் வையுங்கள். உருகவிடாமல் அப்படியே கொதிதண்ணீரில் போடலாம், ஒரு நிமிடம் கூடுதலாக எடுக்கும்.