லேசர் சருமச் சீரமைப்பு: ஆழத்தைவிட வெப்பமே முக்கியம்

பருத் தழும்புக்காகவோ முகச் சுருக்கத்துக்காகவோ லேசர் சிகிச்சையை நாடி வருவோர் பெரும்பாலும் கேட்பது, எந்தக் கருவி அதிக ஆழம் செல்லும் என்பதைத்தான். தோல் மருத்துவர் என்ற முறையில் நான் முதலில் கணக்கிடுவது வேறு; கதிர் பட்டு ஆவியான இடத்தைச் சுற்றி எவ்வளவு திசு வெந்துபோகும் என்பதே அது.

10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசர், 2,940 நானோமீட்டர் அலைநீளமுள்ள எர்பியம் யாக் லேசர் ஆகிய இரண்டுமே திசுவிலுள்ள நீரைத்தான் குறிவைக்கின்றன. எர்பியத்தின் கதிரை நீர் மற்றதைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக உறிஞ்சிக்கொள்வதால், அதன் ஆற்றல் மேலடுக்கிலேயே செலவாகி, அடியில் எஞ்சும் வெப்பச் சிதைவு வழக்கமாக 50 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அடங்கிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரில் அது 100 மைக்ரானைத் தாண்டக்கூடும். அந்த வெப்பத்தால் பயனும் உண்டு: நுண்குழாய்களை அடைத்து இரத்தக்கசிவை நிறுத்துகிறது, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் இழைகளைச் சுருக்கித் தோலை இறுக்குகிறது. கதிரை மிகக் குறுகிய துடிப்புகளாக விடும் எர்பியம் லேசரில் இந்த அடைப்பு போதாமையால்தான், உட்தோலைத் தொட்டதும் ஊசிமுனை அளவில் இரத்தப் புள்ளிகள் அரும்புகின்றன. ஆனால், வாரக்கணக்கில் நீடிக்கும் சிவப்பையும், மாநிறத் தோலில் பின்னர் படரும் கருமையையும் கூட்டுவதும் அதே வெப்பம்தான்.

2004-இல் அறிமுகமான ஃப்ராக்‌ஷனல் முறை, முழுப் பரப்பையும் தாக்காமல், நுண்ணிய தூண்களாக மட்டும் திசுவைச் சுடுகிறது. இடையில் விடப்பட்ட நல்ல தோலிலிருந்து செல்கள் நகர்ந்து வந்து புண்ணை மூடுகின்றன. முழுப் பரப்புச் சிகிச்சையில் ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும் இந்த மூடல், மேல்தோலை ஆவியாக்காத 1,550 நானோமீட்டர் லேசரில் ஏறக்குறைய ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால், இந்த லேசரின் பலன் மிதமானது என்பதால் பல அமர்வுகள் தேவைப்படும். ஃப்ராக்‌ஷனல் என்றாலே ஆபத்தில்லை என்று விளம்பரங்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. தூண்களின் அடர்த்தியை அளவுக்கு மீறிக் கூட்டினால், அவற்றின் வெப்பம் ஒன்றோடொன்று கலந்து, முழுப் பரப்பையும் சுட்டதற்கு இணையாகிவிடும். மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவாக உள்ள கழுத்தில், ஆறும் திறனும் குறைவு என்பதால், முகத்துக்கு வைத்த அளவு அங்கே தழும்பை உண்டாக்கலாம்.

வாயோரத்தில் அக்கிக் கொப்புளம் வந்த வரலாறு இருந்தால், சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வைரஸ் தடுப்பு மாத்திரை முன்கூட்டியே தொடங்கப்படும். புதிய கொலாஜன் உருவாகப் பல மாதங்கள் ஆகும் என்பதால், வெயில் படாமல் தோலைக் காத்து, மூன்று மாதமாவது கழிந்த பின்னரே பலனை மதிப்பிட வேண்டும்.