கறிவேப்பிலைக் காம்பு ஏன் துளிர்ப்பதில்லை?

தேக்கா சந்தையில் வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிக்கொண்டு, மிச்சத் தண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தால் சில நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். பக்கத்திலேயே கறிவேப்பிலைக் காம்பைப் போட்டால் அழுகிப்போகும். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டுச் ஜன்னலோரம் ஏதாவது வளர்க்க ஆசைப்பட்ட நம்மவர்கள் பலருக்கும் இது பழகிய ஏமாற்றம். கைராசி இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காரணம் அந்தக் காம்பிலேயே இருக்கிறது.

ஓர் இணுக்கு கறிவேப்பிலையை எடுத்துப் பாருங்கள். நடுவில் காம்பு, இருபுறமும் வரிசையாக இலைகள். நாம் ஒவ்வொன்றாக உருவிப் போடுகிறோமே, அவை சிற்றிலைகள்தான். காம்போடு சேர்ந்த அந்த முழு இணுக்கும் தாவரவியல் கணக்கில் ஒரே இலை. ஆக, தண்ணீரில் போட்டது தண்டே இல்லை. இலை தண்டோடு சேரும் இடம் கணு. அங்கே இலைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். கிளை அதிலிருந்துதான் வரும். சிற்றிலையின் அடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அப்படி ஒரு மொட்டு கிடைக்காது. ரணகள்ளி போன்ற சில செடிகள் இலையிலிருந்தே முளைக்கும்; கறிவேப்பிலை அந்த வகையில் சேராது. அதை வளர்க்க ஆசையென்றால், பழுத்த பழத்தின் விதையை உலரவிடாமல் உடனே விதைக்கலாம். இல்லையென்றால், மரம் வைத்திருப்பவரிடம் கேட்டு, வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றைப் பெயர்த்து வந்து நடலாம்.

முருங்கையிலும் இதே கதைதான். கீரை உருவிய ஈர்க்கு குப்பைக்குத்தான் போகும், கணுக்கள் உள்ள கிளையைப் போத்தாக வெட்டி நட்டால் மரமாகும்.

சரி, புதினாத் தண்டில் மொட்டு இருக்கிறது. வேர் எங்கிருந்து வந்தது? செடியின் நுனியிலும் இளம் இலைகளிலும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி உருவாகி, தண்டு வழியாகக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். தண்டை வெட்டியதும் மேற்கொண்டு போக வழியில்லாமல் வெட்டுவாய்க்குச் சற்று மேலே அது சேர்கிறது. அந்தச் செறிவு ஏறியதும், நீரும் உணவும் செல்லும் குழாய்களை ஒட்டிய செல்கள் தம் பழைய வேலையை விட்டுவிட்டு ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்கி, வேராக வடிவெடுக்கின்றன. இலையிலிருந்து இறங்கும் ஏதோ ஒரு பொருள்தான் வேர்விடச் செய்கிறது என்று 1929இல் எழுதியவர் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற டச்சு அறிவியலாளர். அப்போது அவர் வேலை பார்த்தது நமக்குப் பக்கத்திலேயே, ஜாவாவில் இருக்கும் போகோர் தாவரவியல் பூங்காவில். அந்த வேலையைச் செய்வது ஆக்சின் என்பது 1930களில் உறுதியானது. நர்சரிகளில் விற்கும் வேர்விடும் பொடியில் இருப்பதும் ஆக்சின் வகைதான்.

அதனால் புதினாத் தண்டை மொட்டையடித்துவிடாதீர்கள். நுனியில் நாலைந்து இலைகளை விட்டு, தண்ணீருக்குள் அமிழும் இலைகளை மட்டும் எடுத்துவிட்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கங்கோங் கீரைக்கு இவ்வளவு பக்குவம்கூட வேண்டாம். ஈரத்தில் படர்ந்து வாழும் கீரை அது. ஒவ்வொரு கணுவிலும் வேருக்கான தொடக்கம் முன்பே தயாராக இருக்கும்.

வெங்காயத்தாளின் வழி வேறு. அதன் தண்டு, வேருக்கு மேலே தட்டையாக இருக்கும் சின்ன வட்டு மட்டுமே. வளரும் இடம் இலையின் நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது. வெள்ளைப் பகுதியில் இரண்டு அங்குலம் விட்டு வேரோடு தண்ணீரில் நிறுத்துங்கள். பச்சை இலை கொஞ்சம் வளர்ந்ததும் அதில் பேனாவால் சம இடைவெளியில் சில கோடுகள் போடுங்கள். மறுநாள் பார்த்தால் கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். எல்லாக் கோடும் சேர்ந்து மேலே ஏறியிருக்கும். கீழே புதிதாக உண்டாகும் செல்கள் பழைய இலையை மேலே தள்ளுகின்றன. பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டவேண்டிய காட்சி இது. மேலே எத்தனை முறை நறுக்கினாலும் இலை வருவதற்கும் இதுவே காரணம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரத்துக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை முழுதாகக் கொட்டுங்கள், பாட்டிலின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். செடிக்கும் இது நல்லது. வேர் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும், தேங்கிய நீரில் அது குறைந்துகொண்டே போகும்.

வேர் ஓர் அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், வெறும் தண்ணீரில் சத்து கிடையாது. மைலோ டின்னோ ஐஸ்கிரீம் டப்பாவோ போதும், அடியில் நாலு ஓட்டை போட வேண்டும். தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உரம். முட்டை ஓட்டை நொறுக்கித் தூவுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது கால்சியம் கார்பனேட். மிக மெதுவாகவே கரையும், கீரை அதற்குள் இரண்டு மூன்று முறை அறுவடையாகிவிடும். காப்பித்தூள் சக்கையும் காய்கறித் தோலும் மேல். ஆனால் அவற்றையும் வேர் நேரடியாக உண்ண முடியாது. நுண்ணுயிர்கள் சிதைத்து, கரையும் உப்புகளாக்கித் தந்தால்தான் வேர் உறிஞ்சும். பச்சையாகத் தொட்டியில் கொட்டினால் பழ ஈதான் மொய்க்கும். காய்ந்த இலையோ கிழித்த அட்டைப்பெட்டியோ கலந்து, மூடியில் துளையிட்ட டப்பாவில் மட்கவிட்டு, மண்வாசனை வந்த பிறகு ஒரு கைப்பிடி எடுத்துத் தொட்டி மண்ணில் கலந்து விடுங்கள்.