பிள்ளை போலீசில் மாட்டினால் பெற்றோருக்குத் தெரியவேண்டியவை: தென்னாப்பிரிக்கச் சிறார் நீதிச் சட்டம்

டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ நம் வீட்டுப் பையன் ஒருவன் அடிதடியில் பிடிபட்டால், பெரியவர்கள் முதலில் கவலைப்படுவது 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்றுதான். அந்தக் கவலையில் வீட்டு விஷயங்களை மூடி மறைக்கிறார்கள். அதனால் நஷ்டம் பையனுக்குத்தான்.

2010 ஏப்ரல் 1 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 12 வயது நிரம்பாத பிள்ளைமீது வழக்கே போட முடியாது. 2022 ஆகஸ்ட் வரை இந்த வரம்பு 10. பன்னிரண்டு ஆகியும் பதினான்கு ஆகாதவனுக்கு, செய்தது குற்றம் என்று புரிந்து நடக்கும் பக்குவம் இருந்ததை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

கைது செய்தால் போலீஸ் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நன்னடத்தை அலுவலருக்கும், அதாவது புரொபேஷன் ஆபீசருக்கும், தகவல் போக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் பூர்வாங்க விசாரணை.

அதற்கு முன்பு அந்த அலுவலர் பையனையும் உங்களையும் உட்காரவைத்துப் பேசுவார். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியம் இந்தப் பேச்சுதான். பள்ளிக்கூடம் போகிறானா, 'சுகர்ஸ்' என்னும் ஹெராயின் கலந்த போதைப்பொருள் பழக்கம் உண்டா, வீட்டில் யாராவது குடித்துவிட்டு அடிக்கிறார்களா என்றெல்லாம் கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள். அங்கே சொன்னதை ஜாமீன் மனுவிலோ வழக்கு விசாரணையிலோ அவனுக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. அவனுக்கு எந்த உதவி பொருந்தும் என்று அவர் எழுதும் அறிக்கையும் இதை வைத்துத்தான். 'எங்க வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை' என்று சாதித்தால் அவர் எதை எழுதுவார்?

பையன் தன் பொறுப்பை, யாரும் மிரட்டாமல், ஒப்புக்கொண்டு, பெற்றோரும் சம்மதித்தால் வழக்கை 'டைவர்ஷன்' வழியில், அதாவது கோர்ட்டு விசாரணைக்குப் பதிலாகத் திருத்தும் வழியில், திருப்பிவிடலாம். ஆலோசனை, போதை மறுவாழ்வு, சமூகப் பணி, அடிபட்டவரிடம் நேரில் மன்னிப்பு என்று ஏதாவது அமையும். முழுசாக முடித்தால் குற்றப் பதிவு இல்லை. பாதியில் விட்டால் திரும்பவும் கோர்ட்டுதான். கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடுங்குற்றங்களுக்கு இந்த வழி லேசில் கிடைக்காது. விதிவிலக்கான சூழ்நிலையில், உயர்நிலை அரசு வழக்குரைஞர் அனுமதித்தால் மட்டுமே.

14 வயதுக்குக் குறைந்தவனுக்குச் சிறைத் தண்டனை கிடையாது. வழக்கு சிறார் நீதிமன்றம் போனால் வக்கீல் கட்டாயம், பிள்ளையே வேண்டாம் என்றாலும். காசு இல்லையென்றால் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டை 0800 110 110-இல் இலவசமாக அழைக்கலாம். ஸ்டேஷனுக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழை மறக்காதீர்கள். மேலே சொன்ன எல்லாமே வயதை வைத்துத்தான்.