பை-இன்: நுழைவுத் தொகையா, நுழைவுக் கட்டணமா?

ஐரோப்பியப் போக்கர் சீட்டாட்டத் தொடர்களின் முடிவுப் பட்டியலில் வெற்றியாளர் பெயருக்கும் முன்னால் ஒரு வரி நிற்கும். பார்சிலோனாவில் 2022இல் நடந்த இபிடி (யூரோப்பியன் போக்கர் டூர்) முதன்மைப் போட்டிக்கு அந்த வரி இது: பை-இன் 5,300 யூரோ, என்ட்ரி (நுழைவு) 2,294, பரிசுத் திரள் 1,11,25,900 யூரோ. 5,300ஐ 2,294ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,21,58,200 வரும். பரிசுத் திரள் அதைவிட 10,32,300 யூரோ குறைவு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் 'பை-இன்' என்ற சொல்லும் புரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் 'பை' என்றால் வாங்குதல், 'இன்' என்றால் உள்ளே. காசு கொடுத்து உள்ளே இடம் வாங்குவது என்பது சேர்க்கைப் பொருள். (நம் 'பை'க்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை தவிர எந்த உறவும் இல்லை.) சூதாட்ட மேசைக்கு வெளியிலும் இச்சொல் புழங்குகிறது. ஏலத்தில் கேட்ட விலை போதாமல் உரிமையாளரே தன் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதும், பங்குச் சந்தையில் விற்றவர் பங்கை ஒப்படைக்கத் தவறும்போது வாங்கியவருக்காக வேறிடத்தில் வாங்கிக் கொடுப்பதும் பை-இன்தான். அலுவலகக் கூட்டங்களில் "மேலிடத்தின் பை-இன் வேண்டும்" என்கிறார்களே, அது இசைவு. அதற்கு 'இசைவு' என்ற சொல்லே போதும், புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை.

போக்கருக்குள்ளேயே இச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இவற்றைக் கலந்துவிடுவதுதான் மொழிபெயர்ப்பில் நேரும் முதல் பிழை. கேஷ் கேம் எனப்படும் காசு மேசையில், பை-இன் என்பது கையில் எடுத்துக்கொண்டு உட்காரும் சிப்புகளின் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளின்) மதிப்பு. 2-5 யூரோ மேசை என்றால் பெரிய பிளைண்டின் (சீட்டைப் பார்க்குமுன் வைக்கும் கட்டாயப் பந்தயம், இங்கே 5 யூரோ) நூறு மடங்கு, அதாவது 500 யூரோ, வழக்கமான அளவு. அங்கே சிப்பு என்பது காசேதான். எழுந்து போகும்போது மீதியைக் கொடுத்துப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். வணிகத்தில் போடும் முதலைப் போன்றது இது. 'ஆட்டமுதல்' என்றால் யாருக்கும் விளங்கும்.

போட்டியில் கதை வேறு. 5,300 யூரோ கட்டியவருக்கு இபிடி முதன்மைப் போட்டியில் 30,000 சிப்புகள் தருவார்கள். அந்த 30,000க்குப் பண மதிப்பு கிடையாது, நடுவில் எழுந்து மாற்றிக்கொள்ளவும் முடியாது. கட்டிய பணம் அப்போதே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. 2022 பார்சிலோனாவில் 4,850 யூரோ பரிசுத் திரளுக்குப் போயிற்று, 450 யூரோ போட்டியை நடத்துபவருக்கு. 2,294ஐ 4,850ஆல் பெருக்கினால் 1,11,25,900 துல்லியமாக வரும். 450ஆல் பெருக்கினால் மேலே குறைந்த 10,32,300 கிடைக்கும். அந்த 450ஐத்தான் ரேக் அல்லது ஃபீ என்கிறார்கள். ரேக் என்பது காசினோ மேசையில் சிப்புகளை இழுக்கும் நீண்ட கைப்பிடி வாரி. வாரியால் இழுத்துக்கொள்வது என்ற பொருளில் ஆட்டத்தை நடத்துபவரின் பங்குக்கே அது பெயராயிற்று.

நம் செய்திகளில் பை-இன்னுக்குப் பெரும்பாலும் 'நுழைவுக் கட்டணம்' என்று போடுகிறார்கள். இது தவறு என்றே சொல்வேன். கட்டணம் என்பது ஒரு சேவைக்காகச் செலுத்துவது, செலுத்தியதும் அது போய்விடுகிறது. பேருந்துக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அப்படித்தான். இங்கே அந்தப் பொருளுக்குப் பொருந்துவது 450 மட்டுமே. மீதி 4,850 ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வைத்து ஆடும் பணம். முழுத்தொகையையும் கட்டணம் என்றால், அத்தனையும் நடத்துபவருக்கே போகிறது என்று படிப்பவர் எண்ணுவார்.

வைத்து ஆடும் பணத்துக்குத் தமிழில் பழகிய சொல் உண்டு: பணயம். 'பணையம்' என்றும் எழுதுவர். சூதில் வைக்கும் பொருள், ஈடாக வைக்கும் பொருள் இரண்டையும் இது குறிக்கும். "உயிரைப் பணயம் வைத்து", "பணயக்கைதி" என்று இன்றும் பேசுகிறோம். வடமொழியில் 'பண' என்பது சூதில் வைக்கும் பொருளையும் ஒரு நாணயத்தையும் குறிக்கும். பணயத்தை அதனோடு உறவுடையதாகக் கொள்வது வழக்கம். 'பந்தயம்' ஏன் கூடாது என்று கேட்கலாம். பந்தயம் கட்டுகிறோம், பணயம் வைக்கிறோம். ஒரு கை சீட்டுக்குள் மாறி மாறி ஏற்றிக்கொண்டு போவது பந்தயம், அது ஆங்கிலத்து 'பெட்'டுக்கு நேர். ஆட்டம் தொடங்குமுன் ஒரேயடியாக வைத்துவிடுவதற்குப் பணயமே பொருத்தம்.

ரேக்கிற்கு, வருவாய் என்று பொருள்படும் 'ஆயம்' என்ற சொல்லும் என் மனதில் ஓடுவதுண்டு. திருக்குறளின் சூது அதிகாரம் 'உருளாயம்', 'பொருளாயம்' என்று அந்தச் சொல்லை ஆள்கிறது. அதே அதிகாரத்தில் 'கழகம்' என்பது சூதாடுமிடம்! ஆனால் ஆயத்தீர்வை என்னும் வரிப் பெயர் இன்று வழக்கில் இருப்பதால், படிப்பவர் இதை அரசு வரி என்று நினைத்துவிடக்கூடும். 'நடத்துகட்டணம்' என்பதே தெளிவு.

ஆக, முழுமைக்கு 'நுழைவுத் தொகை', அதன் உட்கூறுகளுக்குப் 'பணயம்', 'நடத்துகட்டணம்' என்று வைத்துக்கொள்ளலாம். தொகை என்றால் தொகுத்தது. இரண்டு கூறு சேர்ந்த ஒன்றுக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது.

இப்படிப் பிரித்து எழுதுவதன் பயனை பார்சிலோனாவே காட்டுகிறது. 2012இல் அங்கே நுழைவுத் தொகை இதே 5,300 யூரோ. ஆனால் பிரிவு 5,000+300. என்ட்ரி 1,082, பரிசுத் திரள் 54,10,000, பெலாரஸின் மிகலாய் போபல் வென்றது 10,07,550 யூரோ. பத்தாண்டு கழித்து மொத்தம் மாறவில்லை, நடத்துகட்டணம் மட்டும் 300இலிருந்து 450 ஆயிற்று. நுழைவுத் தொகையில் அதன் பங்கு 5.7 விழுக்காட்டிலிருந்து 8.5 விழுக்காடாக ஏறியிருக்கிறது. வெறுமனே 'பை-இன் 5,300' என்று எழுதினால் இது கண்ணில் படவே படாது. தொடரின் முதல் போட்டியும் 2004இல் பார்சிலோனாவில்தான் நடந்தது. அப்போது நுழைவுத் தொகை 1,000 யூரோ, 229 பேர், முதல் பரிசு 80,000.

அந்த 229ஐப் 'பேர்' என்று எழுதலாம், 2,294ஐ அப்படி எழுதக் கூடாது. என்ட்ரி என்பது ஆளின் எண்ணிக்கை அல்ல, நுழைவின் எண்ணிக்கை. சிப்பு முழுதும் இழந்தவர் மீண்டும் 5,300 கட்டிப் புது நுழைவுச் சீட்டு வாங்கி வேறு இருக்கையில் அமரலாம். இது ரீ-என்ட்ரி, தமிழில் மறுநுழைவு. அவர் இரண்டு நுழைவாகக் கணக்கிடப்படுவார். எழுந்து போகாமல் அதே இருக்கையில் சிப்பு வாங்கிக்கொள்வது ரீ-பை. அது மறுநுழைவு அன்று, 'மறுபணயம்'.

மறுநுழைந்தவர் பரிசு வாங்கினால் அவர் செலவு 10,600. கடைசிப் பரிசு இடங்களுக்குப் பெரும்பாலும் நுழைவுத் தொகையின் ஒன்றரை மடங்கை ஒட்டித்தான் கிடைக்கும். 5,300க்கு அது 8,000 சுற்றளவில். பட்டியலில் 'வென்றார்' என்று பெயர் வந்தாலும் அந்த ஆள் நட்டத்தில்தான் வீடு திரும்புகிறார். சேட்டிலைட் எனப்படும் தகுதிச் சுற்று வழியாகச் சில நூறு யூரோவில் இடம் பிடித்தவருக்கு நிலை நேர்மாறு. பிறரிடம் பங்கு விற்றுவிட்டு ஆடுபவருக்கோ பரிசில் ஒரு பகுதிதான் மிஞ்சும். இவை எதுவும் பட்டியலில் இருக்காது. அதனால் அந்தத் தொகையைப் 'பரிசு' என்று எழுதுங்கள், 'லாபம்' என்று எழுதாதீர்கள்.

பவுண்டி போட்டிகளில் நுழைவுத் தொகை மூன்றாகப் பிரியும்: திரளுக்கு ஒன்று, ஒருவரை வெளியேற்றினால் கிடைக்கும் தலைவிலைக்கு ஒன்று, நடத்துகட்டணம் ஒன்று. அங்கே மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும், இல்லாவிட்டால் பரிசுக் கணக்கு ஒத்துவராது. சில தொடர்களில் பணியாளர்களுக்காகப் பரிசுத் திரளிலிருந்தே சிறு விழுக்காடு எடுப்பதும் உண்டு. பெருக்கிப் பார்த்தும் எண் இடித்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

பார்சிலோனா வரியைத் தமிழில் இப்படி எழுதலாம்: நுழைவுத் தொகை 5,300 யூரோ (பணயம் 4,850, நடத்துகட்டணம் 450); நுழைவுகள் 2,294; பரிசுத் திரள் 1,11,25,900 யூரோ; முதலிடம் இத்தாலியின் ஜூலியானோ பெண்டினெல்லி, பரிசு 14,91,133 யூரோ.