ஈர மரத்தில் எழுந்த வீடு

ஈரம் காயாத மரத்தில் நிலை செய்து தாருங்கள் என்று தச்சரிடம் கேட்டால் திட்டுதான் விழும். இங்கிலாந்தின் பழைய கிராமத் தச்சர்களோ, வெட்டிய ஓக் மரத்தைப் பச்சையாகவே இழைத்து வீட்டுக்கு எலும்புக்கூடு கட்டினார்கள். காய்ந்த ஓக் உளியை மழுக்கிவிடும். பச்சை ஓக் இணங்கிப்போகும்.

சூட்சுமம் மூட்டில் இருக்கிறது. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் நாக்கு. இரண்டிலும் முளைக்கான (மர ஆணிக்கான) ஓட்டைகளை நேர்க்கோட்டில் போடாமல், வேண்டுமென்றே சில மில்லிமீட்டர் விலக்கிப் போடுவார்கள். கூம்பிய முளையை அடித்து இறக்கும்போது அது வளைந்தபடியே நுழைந்து நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு மரம் உலர்ந்து சுருங்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான். அதனால் சட்டத்தின் அளவு மாறாது. உத்தரங்கள் மட்டும் முறுக்கிக்கொள்ளும். இவ்வீடுகளின் கோணல் பெரும்பாலும் அப்படி வந்ததே. இரும்பு ஆணி ஏன் இல்லை? ஓக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பை அரித்துவிடும்.

சட்டங்களுக்கு இடையே பிரம்புபோல் பின்னிய குச்சிகள், மேலே களிமண், வைக்கோல், சாணம். (சாணம் என்றதும் நமக்கு ஆச்சரியம் வராது.) மரம் அசைந்தால் இந்தப் பூச்சும் கொஞ்சம் நெகிழும், ஈரத்தை வாங்கி வெளியே விடும். இதன்மேல் சிமெண்ட் பூசியதுதான் பிற்காலப் பழுதுபார்ப்பவர்கள் செய்த பெரும் பிழை. சிமெண்ட் நெகிழாது. மரத்தை ஒட்டி விரிசல் விடும். உள்ளே போன மழைநீர் வெளியேற வழியின்றி ஓக்கையே மக்கச் செய்யும்.

கிழக்கு சசெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்துப் பாதிரியார் இல்லத்தில் இதையெல்லாம் பார்க்கலாம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அது. 1896இல், விலை 10 பவுண்டு. நடுக்கூடம் கூரைவரை திறந்திருக்கிறது. இத்தகைய வீடுகளில் அடுப்பு தரை நடுவில் எரியும், புகைபோக்கி கிடையாது. புகை மேலே போய்க் கூரை வழியே கசிந்து வெளியேறும். மாடி போட்டால் குடும்பமே மூச்சுமுட்டியிருக்கும். புகைக்கரி படிந்த கூரைக்கழிகளை வைத்தே ஒரு பழைய வீட்டில் இப்படிப்பட்ட கூடம் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த வீட்டின் தரை. சுண்ணப்பாறையை இடித்துக் கெட்டித்து, புளித்த பாலை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். பாலின் கேசீன் புரதம் நல்ல பசை. தச்சர்கள் மரம் ஒட்டவும் அதைப் பயன்படுத்தியதுண்டு. புளிப்பிலுள்ள அமிலம் சுண்ணத்தைச் சிறிது கரைக்கும்; அப்படி வெளிவரும் கால்சியம் கேசீனோடு பிணையும். ஊற்றியவர்களுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்காது. கெட்டுப்போன பாலைக் கொட்ட மனம் வராமல் யாரோ தரையில் ஊற்றிப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.