எலி சுற்றிய சக்கரம்

"எவ்வளவு படிச்சாலும் இவ்வளவுதாம்மா வரும்" என்று கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டானாம் மகன். தொடக்கநிலை 6, சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்குகிறது. பள்ளியின் முன்னோட்டத் தேர்வில் கணிதத்துக்கு ஏஎல் 6 (எட்டு தரநிலைகளில் 1தான் உயர்ந்தது). "பிள்ளை மனசு எப்படி இப்படி விட்டுப்போகும்?" என்று கேட்கிறார் உட்லண்ட்ஸ் வாசகி. உறவினர் ஒருவர் ஜாதகம் பார்க்கச் சொன்னாராம். சனி பகவானை விடுங்கள், எலியிடம் போவோம்.

இரண்டு பெட்டியில் இரண்டு எலிகள். வாலில் ஒரே மின்சுற்று. அதிர்ச்சி இரண்டுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. முதல் எலி தன் முன்னுள்ள சக்கரத்தைச் சுற்றினால் இரண்டுக்குமே நிற்கும். இரண்டாவது எலி என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது. மறுநாள், தப்பிக்க வழியுள்ள வேறு பெட்டியில் விட்டால் முதலாவது ஓடித் தப்புகிறது. இரண்டாவது பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது. பட்ட வலி என்னவோ ஒன்றுதான்!

1967இல் நாய்களிடம் இதைக் கண்ட அமெரிக்க உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும், 'முயன்று பயனில்லை' என்பதை விலங்கு கற்றுக்கொள்கிறது என்றார்கள். பாடநூல்களிலும் ஏறிவிட்டது. பின்னர் மையர் மூளைக்குள் இறங்கினார்.

மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்றொரு சிறு நரம்புக்கூட்டம். துன்பம் நீண்டால் அது செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரந்து உடலை முடக்கும். இதை யாரும் கற்பதில்லை, பிறவியிலேயே உண்டு. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணி, 'நான் சுற்றினேன், நின்றது' என்று கண்டுகொண்டால்தான் கீழே சேதி அனுப்பி அந்தக் கூட்டத்தை அடக்குகிறது. கற்பது இதைத்தான்.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த சோதனை. புறணியை மருந்தால் சற்று உறங்கவைத்தார்கள். எலி வழக்கம்போல் சுற்றியது, அதிர்ச்சியும் நின்றது. ஆனாலும் பிறகு முடங்கிப்போனது. கால் சம்பாதித்ததை வரவு வைக்க மேலே ஆளில்லை! புறணி விழித்திருக்கச் சக்கரம் சுற்றிய எலியோ, ஒரு வாரம் கழித்துத் தப்பவே முடியாத அதிர்ச்சி கொடுத்தும் முடங்கவில்லை.

2016இல் இருவரும் தங்கள் பழைய கோட்பாடு தலைகீழ் என்று தாங்களே எழுதினார்கள்.

எலி வேறு, பிள்ளை வேறு. இருந்தாலும் காலையில் நம் புளோக் லிஃப்டில் பாருங்கள்: புத்தகப்பை பணிப்பெண் தோளில். டியூஷன் நேரம் அம்மா குறித்தது, அசெஸ்மென்ட் புத்தகம் அப்பா வாங்கியது. பிள்ளை சுற்ற எந்தச் சக்கரம் மிச்சம்?

வாசகிக்கு ஒன்று: இன்றிரவு எந்தக் கணக்கு, எத்தனை கணக்கு என்பதை அவனே முடிவு செய்யட்டும். சுலபமானதாகப் பார்த்துத்தான் எடுப்பான். எடுக்கட்டும்.